ஆறாம் நம்பர் புனல்

ஏரிக்கு வயிறு சரியில்லை என்று முதலில் சொன்னவர் படகுக்காரர்தான். அது மூன்று வருடத்துக்கு முன்னால். நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், "அப்போ கஷாயம் வச்சுக் குடுங்க" என்று வேறு சொன்னேன். என் வாய் அப்படி. ஒருவர் ஒன்று சொன்னால் பதிலுக்கு இரண்டு சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அணைக்கட்டு மின்நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வாரத்தில் இரண்டு நாள் படகில் போய், ஏரியின் அடியிலிருந்து வரும் குமிழிகளைப் பிடித்துவர வேண்டும். கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆறு இடங்களில் மிதவை கட்டியிருக்கிறோம். ஒவ்வொரு மிதவைக்கும் கீழே, தண்ணீருக்குள், கவிழ்த்த வாக்கில் ஒரு பெரிய பிளாஸ்டிக் புனல் தொங்கும். குமிழி புனலுக்குள் ஏறி உச்சியில் இருக்கும் பாட்டிலில் சேரும். அதை ஊசியால் உறிஞ்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்து எந்திரத்துக்குள் செலுத்தினால், அது ஒரு காகிதத் துண்டில் கோடு கிழித்துத் துப்பும். கோடு எவ்வளவு உயரமோ அவ்வளவு மீத்தேன். இந்த வேலையால் எங்கள் குடியிருப்பு முழுக்க எனக்குக் 'குமிழிக்காரி' என்று பெயர்.

மீத்தேன் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அணை கட்டித் தண்ணீர் விட்டபோது காட்டை வெட்டவில்லை. அவ்வளவு அவசரம். மரம், புதர், சருகு எல்லாம் இருந்தது இருந்தபடி மூழ்கின. இது வெயில் பூமி. தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும். அடியில் காற்றில்லாமல் அழுகுவது அழுகிக்கொண்டே இருக்கிறது. கோடையில் நீர் இறங்கும்போது கரைச் சேற்றில் புல் முளைக்கும், மழையில் ஏறும்போது அந்தப் புல்லும் உள்ளே போய்விடும். வருடா வருடம் நாமே தீனி போட்டு வளர்க்கிறோம். மேலே வரும் அந்தக் காற்று, நிலக்கரிப் புகையைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கக் கூடியது. ஆனால் எங்கள் நிலையத்தின் வாசலில் பச்சை இலைப் படம் போட்ட பலகை ஒன்று நிற்கிறது. 'புகையில்லாத மின்சாரம்' என்று எழுதியிருக்கும். அதற்கு ஆதாரம் என்னுடைய அட்டவணை.

அட்டவணைக்கு ஒரு விதி உண்டு. எங்கள் கூடத் தலைவர் போட்ட விதி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சராசரி'. எதைக் கொடுத்தாலும் கூட்டி வகுத்துவிடுவார், மனிதர்களைக்கூட. ஒரு மாதிரி மற்ற மாதிரிகளின் சராசரியைவிட மூன்று மடங்குக்கு மேல் போனால், அது பிழை. பாட்டில் மூடி சரியில்லை, ஊசி சரியில்லை என்று அர்த்தம். எண்ணை எழுதக் கூடாது. கட்டத்தில் 'கசிவு' என்று எழுதிவிட்டுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

ஆறு மிதவைகளில் ஐந்து அணைச் சுவரை ஒட்டித் தெளிந்த தண்ணீரில் கிடந்தன. படகு போக வசதி. ஆறாவது மட்டும் மேற்கு மூலையில், செத்த மரங்கள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில். அந்தப் புனல் ஒரு நாளும் விதிக்கு அடங்கியதில்லை. பத்து மடங்கு, இருபது மடங்கு. மூன்று வருடமாக ஆறாம் நம்பர் கட்டத்தில் ஓர் எண்கூடக் கிடையாது. கசிவு, கசிவு, கசிவு. எல்லாம் என் கையெழுத்துதான், முத்து முத்தாக. பாட்டில் கசிந்தால் உள்ளே இருப்பது குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடும் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் கேட்டிருக்க வேண்டும். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் குறுக்குக் கேள்வி கேட்கிற இந்த வாய் அங்கே மட்டும் மூடிக்கொண்டிருந்தது.

காகிதங்களை நான் கிழித்துப் போடவில்லை. நியாயத்துக்காக அல்ல, கஞ்சத்தனம். ஒரு பக்கம்தானே கோடு, மறுபக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்களையில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தேன். உப்பு, சோப்பு, தீப்பெட்டி என்று சாமான் எழுத உதவும். நானும் தம்பியும் ஒருவருக்கொருவர் சேதி சொல்வதும் அதில்தான். எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி கம்பியிலேயே குத்திவிடுவோம்.

தம்பி அதே நிலையத்தில் வெல்டர். ஒப்பந்த ஆள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். முப்பத்திரண்டு வயதாகியும் தலை துவட்டத் தெரியாது. ஆனால் இரும்பில் அவன் போடும் தையலைத் தடவிப் பார்த்தால் ஒட்டு எது என்று விரல் சொல்லாது.

அந்த வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரெல்லாம் மின்விசிறியும் ஏசியும் ஓட, இன்னும் கொடு இன்னும் கொடு என்று மேலிடத்திலிருந்து ஓயாமல் போன். ஏரியைத் திறந்துவிட்டார்கள். ஏழு நாளில் நீர்மட்டம் நாலு மீட்டர் இறங்கியது. ஒரு சாயங்காலம் தம்பி வேலை முடிந்து வந்தவன் வாசலிலேயே சட்டையைக் கழற்றினான்.

"அழுகின முட்டைக் கூடைக்குள்ள விழுந்து எழுந்தியாடா?" என்றேன்.

"கீழ்ச் சுரங்கத்துக்குப் போனேன்க்கா. பம்பு பைப் விரிஞ்சிருக்கு, பாக்கச் சொன்னாங்க. ரெண்டு மூணு நாள்ல வெட்டி மாத்தணும். செவுத்துல கசியுற தண்ணியெல்லாம் இந்த நாத்தம்தான். குழியில விழுறப்போ சோடா மாதிரி பொங்குது."

அணைச் சுவரின் வயிற்றுக்குள், அடிமட்டத்தில், ஒரு நீளமான சுரங்க வழி உண்டு. சுவரில் ஊறி வரும் ஏரித் தண்ணீர் அங்கே ஒரு குழியில் விழும். பம்பு அதை வெளியே தள்ளும். அந்தப் பம்பைப் பார்த்துக்கொள்கிறவருக்கு 'மோட்டார்' என்று பட்டம். தூங்கும்போது மட்டும்தான் பேச்சை நிறுத்துவார் என்பார்கள்.

"மோட்டார் என்ன சொல்றாரு?"

"அவருக்கு மூக்கு செத்துப்போச்சாம். எனக்கு ஒண்ணும் தெரியலப்பா, உன் மீசையை மோந்து பாருங்கிறாரு."

நான் சிரித்துவிட்டு, "போய்க் குளி, சோப்பை முழுசாக் கரைச்சிடாதே" என்றேன். சோடா என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்குப் போனேன். தம்பி எழுந்திருக்கவில்லை. முதல் ஐந்து மிதவைகளிலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். மேற்கு மூலைக்குப் படகு திரும்பியபோது படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார். எதற்கு என்று கேட்க வாயெடுத்து, நானே பார்த்தேன். செத்த மரங்களுக்கு நடுவே தண்ணீர் உலை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. சூடில்லாத கொதிப்பு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை குமிழி. ஒரு பறவைகூட அந்த மரங்களில் இல்லை.

"என்னங்க இது?"

"இத்தனை நாள் மேல தண்ணி பாரம் இருந்திச்சு. நாலு மீட்டரு எறக்கிட்டாங்கல்ல. வயித்தை அமுக்கிப் புடிச்ச கையை எடுத்தா என்ன ஆகும்? காத்து பிரியும். மூணு வருஷமா நான் சொல்றேன், நீ கஷாயம் வைக்கச் சொல்ற." இடுப்பிலிருந்த பீடிக் கட்டை எடுத்தவர், பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். "இங்க மீன் புடிக்கிறவங்க பீடி பத்த வைக்க மாட்டாங்க. போன கோடையில ஒருத்தன் புருவம் போச்சு."

ஆறாம் நம்பர் பாட்டிலில் ஒரு நாளில் சேர்வது பத்து நிமிடத்தில் நிறைந்தது. மாற்றிய பாட்டிலும் நிறைந்தது. என் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. அடுத்தது அடித்தண்ணீர் மாதிரி. முப்பது மீட்டர் கயிற்றில் கனமான குப்பியை இறக்கி, அடியில் அதன் மூடியைத் திறந்து மூடி, மேலே இழுக்க வேண்டும். இழுத்தேன். மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று சத்தம் வந்து, தண்ணீர் பொங்கி என் மணிக்கட்டில் வழிந்தது. அழுகின முட்டை நாற்றம்.

எத்தனையோ தடவை பொங்கியிருக்கிறது. அன்றைக்குத்தான் தம்பியின் குரல் கேட்டது. சோடா மாதிரி பொங்குது.

ஏரியின் அடித்தண்ணீர்தான் சுவரில் ஊறிச் சுரங்கத்துக்கு வருகிறது. இந்தக் குப்பியைப் போலவே அங்கேயும் அது பாரம் நீங்கிப் பொங்குகிறது. இங்கே வெளிவரும் காற்று ஆகாயத்துக்குப் போகும். அங்கே எங்கே போகும்? சுரங்கத்தின் கூரையில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். மீத்தேனுக்கு வாடையும் கிடையாது; அந்த முட்டை நாற்றம் அதோடு கூட வரும் வேறொரு காற்றுடையது. தம்பி பைப்பை வெட்டுவது காஸ் சுடரால். படகைத் திருப்பச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

மேற்கு மூலையில் போன் எடுக்காது. மூன்றாம் மிதவை தாண்டியதும்தான் எடுத்தது. மணி பத்து நாற்பத்தைந்து. தம்பியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சுரங்கத்துக்குள் போகிறவர்கள் போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும். ஷிஃப்ட் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன்.

"ஆமா மேடம், இன்னிக்கே முடிக்கச் சொல்லிட்டாங்க. பதினோரு மணிக்கு ஆரம்பிக்கிறாங்க. உங்க தம்பியும் மோட்டாரும் எறங்கியாச்சு."

"மேல வரச் சொல்லுங்க. உள்ள மீத்தேன் இருக்கும். காஸ் அளக்குற மீட்டரை எடுத்துட்டுப் போய் முதல்ல அளக்கணும்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "பெர்மிட்ல 'எரிவாயு வாய்ப்பு: இல்லை'ன்னு இருக்கே. ஆய்வுக்கூட அறிக்கைப்படின்னு போட்டிருக்கு. அறிக்கை உங்களுதுதான். கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு."

"அது தப்பு."

"மேடம், கோவிச்சுக்காதீங்க. மூணு வருஷமா இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு, இப்போ படகுல இருந்து இருக்குன்னு சொன்னா நான் எதை நம்புறது? வேலையை நிறுத்துனா மேல இருந்து என்னைக் கேப்பாங்க. நீங்க எழுத்துல குடுங்க, உடனே நிறுத்திடுறேன்."

எழுத்தில் கேட்டார். நடு ஏரியில், ஆடும் படகில். நான் கத்தினேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன், கடைசியில் கெஞ்சினேன். "சரி, ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்றேன்" என்றார். இருநூற்றுப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும். படகுக்காரர் எஞ்சினை முழு வேகத்தில் விட்டார். அணை எதிரில் வெள்ளையாக, பெரிதாக, ஒன்றும் நடக்காதது போல நின்றது. கரைக்கு இன்னும் நூறு கஜம் இருக்கும்போது காலுக்குக் கீழே படகின் பலகை ஒரு முறை அதிர்ந்தது. யாரோ அடியிலிருந்து கதவைத் தட்டின மாதிரி. சத்தம் பிறகுதான் வந்தது, அதுவும் பெரிதாக இல்லை. சுவரின் மேலிருந்த காற்றுப்போக்கியிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை எழுந்தது.

அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை வந்த எல்லாப் பெரிய மனிதர்களும் முதலில் கேட்டது அதைத்தான்.

அனுப்பின ஆள் அறுபது படி இறங்கியிருந்தானாம். மோட்டார் குழியோரத்திலேயே போய்விட்டார். தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு கையும் முகமும் வெந்திருந்தன. கண்ணில் கட்டு. கட்டை அவிழ்த்தால்தான் பார்வை இருக்கிறதா என்று தெரியும் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் விசாரணைக் குழு அவனிடம் பேசிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு என்னை உள்ளே விட்டார்கள். அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். தொடுவதற்கு இடமில்லை.

"அக்கா," என்றான். உதடு அசையாமல் வந்தது குரல். "மோட்டாரை நான் கொன்னுட்டேன்க்கா."

"என்னடா உளர்ற?"

"காஸ் ஹோஸ் கசிஞ்சிருக்கு. வால்வை நான் சரியா முடுக்கலபோல. அப்படித்தான் அவங்களும் எழுதிக்கிட்டாங்க. கசிவுன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "எறங்குறதுக்கு முன்னாடி நான் கேட்டேன்க்கா. நாத்தமா இருக்கு, ஒரு தடவை அளந்து பாத்துடலாமேன்னு. ஷிஃப்ட்ல உன் அறிக்கையைக் காட்டுனாங்க. அடியில உன் கையெழுத்து. மோட்டாரு பயந்துக்கிட்டு இருந்தாரு. நான்தான் சொன்னேன், எங்க அக்கா கோலம் கோணினாக்கூட அழிச்சிட்டுப் போடுறவ, அவ இல்லைன்னு எழுதினா இல்லதான், வாங்கன்னு. அங்க காத்து இல்லைன்னா, அப்புறம் எப்படி வெடிக்கும்? என் ஹோஸாத்தான் இருக்கணும்."

எழுந்து வெளியே வந்தேன்.

வராந்தாவில் சராசரி காத்திருந்தார். கையில் பழப் பை. என்னை ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போனார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. "பாரும்மா, அன்னிக்கு எடுத்த மாதிரி இருக்குல்ல, ஆறாம் நம்பரு. விதி விதிதான். கசிவுன்னே போட்டுடு. இப்போ எண்ணை எழுதினா, மூணு வருஷமா ஏன் எழுதலைன்னு கேப்பாங்க. உன் கையெழுத்து இருக்கு, என் கையெழுத்து இருக்கு. தம்பிக்கு வேணும்னா நல்ல வக்கீலா பாத்துக்கலாம்."

"வக்கீல் எதுக்கு சார்?"

"ஒரு உயிர் போயிருக்கேம்மா. கவனக்குறைவுன்னு கேஸ் வரும். ரெண்டு வருஷம், மூணு வருஷம். அதுவும் சராசரியா சொல்றேன்."

எழுதிய எல்லா இடத்திலும் 'கசிவு' என்றுதான் இருந்தது. அவனைக் காப்பாற்ற எண் வேண்டும். எண்ணை நான் எழுதவே இல்லை. அன்றைய ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு பேசினால், நீர் இறங்கின நாள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். பேருந்தில் வீடு போகும் வழியெல்லாம் இதையே அரைத்தேன். பூட்டைத் திறந்து அடுக்களைக்குள் போய், தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது கம்பி தோளில் இடித்தது.

மூன்று வருடம். முன்னூற்றுச் சொச்சம் காகிதங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் எந்திரம் அடித்த தேதி, மிதவை நம்பர், எண். ஆறு, ஆறு, ஆறு. பின்பக்கத்தில் உப்பு அரை கிலோ, சட்டைப் பொத்தான், தீப்பெட்டி இரண்டு. கம்பியோடு பிடுங்கித் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது போன வாரத்துக் காகிதம். கோடு ஏறி, காகிதத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே போயிருந்தது. திருப்பினேன். தம்பியின் கோணல் கையெழுத்து. வெடித்த அன்று காலை, நான் ஏரிக்குப் போன பிறகு எழுதியிருக்கிறான். அப்போதுதான் நான் அழுதேன்.

மறுநாள் காலை கம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். விதியை, ஆறாம் நம்பரை, அது எத்தனை தடவை எவ்வளவு காட்டியது என்பதை. உன் ஹோஸில் ஒன்றும் இல்லையடா, நான்தான் எழுதாமல் விட்டேன் என்று சொன்னேன். மன்னித்துக்கொள் என்று கேட்கவில்லை. அதற்கு எனக்கு முகம் இல்லை.

"எங்க இருந்திச்சு இந்தக் காகிதமெல்லாம்?"

"அடுக்களையில. நம்ம கம்பியில."

"நாம சாமான் எழுதுறதா?"

"ஆமா."

"கடைசியா நான் எழுதினது இருக்கா?"

"இருக்கு."

"படி."

படித்தேன். "அக்கா, இன்னிக்கே கீழ வேலையாம். மதியம் சாப்பாடு வைக்காதே. குடத்துல தண்ணி புடிச்சு வச்சிருக்கேன்."

"திருப்பி, முன்பக்கம் படி."

தேதி படித்தேன். ஆறாம் நம்பர் என்று படித்தேன். எண்ணைப் படித்தேன். மற்ற மிதவைகளின் சராசரியைப்போல் நாற்பத்தொரு மடங்கு.

கட்டுப் போட்ட முகத்தை அவன் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இந்த எண்ணைக் கையில புடிச்சிக்கிட்டுதான் எழுதியிருக்கேன் என்று தனக்குள் சொன்னது கேட்டது. வெளியே வராந்தாவில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது, எங்கள் ஏரியில் பிறந்த மின்சாரம். அன்றைக்கும் அணையைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். நீர்மட்டம் இன்னும் ஒரு மீட்டர் இறங்கியிருந்தது.

"குழுகிட்டக் குடுத்துடுறேன்டா. இப்பவே."

"குடு. ஆனா முதல்ல மோட்டார் வீட்டுக்குப் போ. அவங்க சம்சாரம் நான் கொன்னுட்டேன்னு நெனைச்சிட்டிருக்காங்க." முகம் சுவர்ப் பக்கமே இருந்தது. "நானும் வரேன்னு சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. நீதானே எழுதின."

கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மோட்டாரின் வீடு எங்கள் குடியிருப்பின் கடைசி வரிசை. பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்தே போனேன்.